கேரவன் பயணத்தில் சோலார் பேனல்: சிங்கப்பூரிலிருந்து முதன்முறை கிளம்புவோருக்கு

ஜூன் விடுமுறைக்கும் ஆண்டிறுதி விடுமுறைக்கும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று போய், கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்து ஊர்சுற்றும் நம்மவர் குடும்பங்கள் இப்போது நிறைய. சொந்த வண்டியிலேயே மெத்தையும் சின்ன ஃபிரிட்ஜும் ஏற்றிக்கொண்டு மெர்சிங், குவந்தான் பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த வழியில் போவது, எங்கே தங்குவது, என்ன சமைப்பது என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். பேட்டரியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. இரண்டாம் நாள் இரவு ஃபிரிட்ஜ் நின்று, குழந்தைக்கு வைத்திருந்த பால் கெட்டுப்போன பிறகுதான் கூரையில் இருக்கும் சோலார் பேனல் மேல் சந்தேகம் வருகிறது.

பேனலில் பெரும்பாலும் பழுது ஒன்றும் இருக்காது. நாம் பழகிய வெயில் வேறு, அங்கே அடிக்கும் வெயில் வேறு, அவ்வளவுதான். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கக் காலை ஏழு மணி வாக்கில் விடிந்து மாலை ஏழு மணி வாக்கில் இருட்டும். நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். பேனலைத் தரையில் சும்மா விரித்துப் போட்டாலும் போதிய மின்சாரம் வந்துவிடும். ஜூன் மாதம் கிறைஸ்ட்சர்ச்சில் பகல் என்பதே ஒன்பது மணி நேரம்தான். அந்த ஒன்பது மணி நேரமும் சூரியன் வடக்கு வானத்தில் தாழ்வாகவே நகர்ந்து போய்விடும். இது தெரிந்து போனால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிப் பாதி, கொஞ்சம் கூட்டல் வகுத்தல் கணக்கு.

வண்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கேம்பர்வேனில் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று இன்ஜினைக் கிளப்புவதற்கு. மற்றது விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப் போன்றவற்றுக்கு. இதை ஹவுஸ் பேட்டரி என்பார்கள். இந்தக் கட்டுரையில் பேட்டரி என்று சொல்வதெல்லாம் இதைத்தான். இதற்கு மூன்று வழியில் சார்ஜ் ஏறும்: வண்டி ஓடும்போது இன்ஜினிலிருந்து, கேரவன் பார்க்கில் கேபிளைச் செருகினால் 230 வோல்ட் மின்சாரத்திலிருந்து, வெயில் இருந்தால் பேனலிலிருந்து.

வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போது கவுன்டரில் இருப்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பேட்டரி எத்தனை ஆம்ப்-மணி? ஏஜிஎம்மா, லித்தியமா? கூரையில் பேனல் இருக்கிறதா, எத்தனை வாட்? பேட்டரியின் நிலையைக் காட்டும் திரை எங்கே? பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் உண்டா? சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட், வண்டி நிற்கும்போது பேட்டரியில் வேலை செய்யுமா, கேபிள் செருகினால் மட்டும்தானா? கடைசிக் கேள்வி முக்கியம். பல வண்டிகளில் சுவர் பிளக்கும் மைக்ரோவேவும் கேபிள் செருகினால் மட்டுமே உயிர்பெறும். இது தெரியாமல் மலையடிவாரத்தில் போய் நின்றுகொண்டு மடிக்கணினியைச் செருகிப் பார்ப்பதில் பயனில்லை.

கிடைத்த பதில்களைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் அவற்றை வைத்துத்தான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு

பேனல் எத்தனை வாட் வேண்டும் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். செலவிலிருந்து தொடங்குவதே சரி. ஆம்ப்-மணி என்பது 1 ஆம்ப் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் அளவு. 12 வோல்ட் பேட்டரியில், ஒரு கருவியின் வாட்டை 12ஆல் வகுத்தால் அது எத்தனை ஆம்ப் இழுக்கிறது என்று தெரியும். அதை மணி நேரத்தால் பெருக்கினால் ஆம்ப்-மணி.

நாலு பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 40, 50 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்தான் பெரிய செலவு. ஓடும்போது 4 ஆம்ப் வாக்கில் இழுக்கும், ஆனால் விட்டு விட்டுத்தான் ஓடும். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 40 ஆம்ப்-மணி என்று வைத்துக்கொள்ளலாம். குளிர் காலத்தில் பாதியாகக்கூடக் குறையும். எல்இடி விளக்குகள் நாலு மணி நேரம் எரிந்தால் 4. தண்ணீர் பம்ப் சத்தம்தான் பெரிது, செலவு 1 அல்லது 2. கைப்பேசிக்கு ஆளுக்கு 2 வீதம் 8. மடிக்கணினி ஒருமுறை முழுக்க ஏற 5, 6. எல்லாம் சேர்ந்து 60 ஆம்ப்-மணி பக்கம் வருகிறது. இரவில் 12 வோல்ட் மின்விசிறி ஓடினால் இன்னும் 8.

நியூசிலாந்துக் குளிருக்கு டீசல் ஹீட்டர் உள்ள வண்டி கிடைத்தால் நல்லது. சூடு டீசலிலிருந்து வருகிறது. பேட்டரியிலிருந்து அதன் விசிறிக்கும் பம்புக்கும் மட்டும்தான் மின்சாரம் போகும், இரவு முழுக்க ஓடினாலும் 12, 15 ஆம்ப்-மணி. பற்றவைக்கும் சில நிமிடங்கள் மட்டும் 10 ஆம்ப் வரை இழுக்கும் என்பதால், பேட்டரி அடிமட்டத்தில் இருக்கும்போது அது கிளம்பவே கிளம்பாது. அதனால் நடுராத்திரி குளிர் தாங்காமல் போடலாம் என்று இருக்காமல், படுக்கும் முன்பே போட்டுவிடுங்கள். 230 வோல்ட் ஃபேன் ஹீட்டரைப் பேட்டரியில் ஓட்டும் எண்ணமே வேண்டாம்.

தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்காக சிபேப் கருவி போட்டுத் தூங்கும் அப்பா, மாமா யாராவது உடன் வந்தால் இந்தக் கணக்கை அவர்களிலிருந்தே தொடங்குங்கள். ஈரப்பதம் சேர்க்கும் பகுதியை அணைத்துவிட்டு ஓட்டினால் இரவுக்கு 20 ஆம்ப்-மணி போல ஆகும். அதையும் போட்டால் இரண்டு மடங்கு. இன்வெர்ட்டர் வழியாகப் போகாமல் நேரே 12 வோல்ட்டில் ஓட்டும் அடாப்டரைப் பல கருவிகளுக்குத் தனியாக விற்கிறார்கள். வாங்கிக்கொள்வது நல்லது.

அப்புறம் சமையல். மிக்சி கொண்டுபோகலாமா என்று கேட்காத வீடு இல்லை. இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மொத்தம் எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பது ஒன்று, ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கும் என்பது இன்னொன்று. 750 வாட் மிக்சியில் இரண்டு நிமிடம் சட்னி அரைத்தால் மொத்தச் செலவு 2 ஆம்ப்-மணிதான், ஒரு கைப்பேசி அளவு. ஆனால் அந்த இரண்டு நிமிடமும் பேட்டரியிலிருந்து 70 ஆம்ப் வாக்கில் பாயும். சுழலத் தொடங்கும் நொடியில் அதைவிடவும் அதிகம். வாடகை வண்டியில் இருக்கும் சின்ன இன்வெர்ட்டர் உடனே கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். ரைஸ் குக்கரில் மொத்தச் செலவே சிக்கல். 600 வாட், அரை மணி நேரம். விடாமல் இழுத்து 28 ஆம்ப்-மணியைக் காலி செய்துவிடும், கிட்டத்தட்ட அரை நாள் செலவு. சோற்றை கேஸ் அடுப்பில் குக்கரில் வைத்துவிடுங்கள். சட்னிக்குப் பதில் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, தொக்கு எடுத்துப் போங்கள். உணவுப் பொருள்களை நியூசிலாந்து, ஆஸ்திரேலியா இரண்டிலும் நுழையும்போது படிவத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். மறைத்தால் அபராதம்.

பேட்டரியில் எடுக்கக்கூடியது எவ்வளவு

மேலே 100 ஆம்ப்-மணி என்று எழுதியிருந்தால் 100ஐயும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. ஏஜிஎம் என்பது காரீய அமில வகை. அதில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். ஆக, 100ல் 50தான் நமக்கு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80, 90 வரை தாராளமாக எடுக்கலாம். சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை லித்தியம்தான். விலை கூடினாலும் எடை பாதிக்கும் குறைவு, பல ஆண்டுகள் உழைக்கும், பேனலிலிருந்து வரும் மின்சாரத்தையும் வீணாக்காமல் வேகமாக ஏற்றிக்கொள்ளும்.

ஏஜிஎம்மின் நிலையை வோல்ட் பார்த்தே சொல்லிவிடலாம். விடியற்காலையில், வெயில் படுவதற்கு முன், எதுவும் ஓடாமல் இருக்கும்போது பாருங்கள். 12.7 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் அன்றே கேரவன் பார்க்கில் மின்வசதியுள்ள இடம் பிடித்துக் கேபிளைச் செருகிவிடுவது நல்லது. லித்தியத்தில் இந்த முறை பலிக்காது. 90 விழுக்காட்டுக்கும் 40 விழுக்காட்டுக்கும் இடையே வோல்ட் வித்தியாசம் மிகச் சிறியது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் ஷண்ட் வகை மீட்டர் வேண்டும். நல்ல லித்தியம் பேட்டரிகளில் புளூடூத் வழியாகக் கைப்பேசியிலேயே விழுக்காடு தெரியும்.

லித்தியத்துக்கு ஒரு குறை உண்டு. பேட்டரியின் உள்வெப்பம் 0 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றக்கூடாது. உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று தானாகவே சார்ஜைத் தடுத்துவிடும். தெற்குத் தீவில் உறைபனி விழுந்த காலையில் வெயில் பளிச்சென்று அடித்தும் ஒன்றும் ஏறவில்லை என்றால் பயப்பட வேண்டாம். வண்டிக்குள் சூடு ஏறியதும் தானே தொடங்கும்.

200 வாட் பேனல் 200 வாட் தராது

பேனலில் எழுதியிருக்கும் வாட், ஆய்வுக்கூடத்தில் அளந்தது: சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், பேனலின் வெப்பம் 25 பாகை. மலேசிய வெயிலில் கறுப்புப் பேனல் 60 பாகையைத் தொட்டுவிடும். 25க்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். அந்தக் கணக்கில் சூட்டிலேயே பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. அழுக்கு, வயர், பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சார்ஜ் கன்ட்ரோலர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தின்னும். அதனால் நான் எப்போதும் 0.7ஆல் பெருக்கித்தான் கணக்குப் போடுகிறேன்.

இன்னொரு எண் வேண்டும்: நாள் முழுக்க அடிக்கும் வெயிலைச் சேர்த்தால் எத்தனை மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்பது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 1,580 கிலோவாட்-மணி வெயில் விழுகிறது. 365ஆல் வகுத்தால் நாளுக்கு 4.3, அதாவது 4.3 மணி நேர முழு வெயில். பன்னிரண்டு மணி நேரப் பகலில் 4.3தானா என்று தோன்றும். நம் மேகங்களின் வேலை அது. 200 வாட் பேனலுக்கு: 200 × 4.3 × 0.7 = 600 வாட்-மணி. 12ஆல் வகுத்தால் 50 ஆம்ப்-மணி. நம் குடும்பத்தின் 60க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஜொகூர், பகாங் பக்கம் போகிறவர்கள் இந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை; அப்போது பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கேமரன் மலையில் மூடுபனி எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

மெல்பர்னில் கூரையில் படுக்கை வாட்டில் இருக்கும் பேனலுக்கு டிசம்பரில் இந்த எண் 6க்கு மேல் போகும். ஜூனில் 2க்கும் கீழே. அதே 200 வாட் பேனல், ஜூனில் நாளுக்கு 22, 23 ஆம்ப்-மணிதான் தரும். ஃபிரிட்ஜுக்கே சரியாகப் போய்விடும். ஆகவே ஜூன் விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் தென்பகுதிக்கோ நியூசிலாந்துக்கோ போகிறவர்கள் பேனலை நம்பித் திட்டம் போடாதீர்கள். கூடுதல் பேனலுக்குச் செலவழிக்கும் வெள்ளியை, இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை மின்வசதியுள்ள இடத்தில் தங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஜூனில்தான் போக முடியும், ஆனால் வெயிலும் வேண்டும் என்பவர்களுக்கு டார்வின் பக்கம் இருக்கிறது. அங்கே அது வறண்ட பருவம், வானம் தெளிவாக இருக்கும்.

வடக்கே திருப்பி, சாய்த்து வையுங்கள்

கூரையில் பொருத்திய பேனலை ஒன்றும் செய்ய முடியாது. மடக்கு பேனல் வைத்திருந்தால் முழுப் பலனும் அதை வைக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

தெக்காப்போ ஏரிக்குப் பக்கத்தில் ஒரு முகாமில், நம் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி மேசைக்குப் பக்கத்தில் பேனலை விரித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, வெயிலு நல்லாத்தானே அடிக்குது. இது ஏறவே மாட்டேங்குதே." திரையில் 12 வாட். பேனலின் முகம் ஏரியைப் பார்த்திருந்தது, அதாவது சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வடக்கே திருப்பினோம். அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவை வாங்கி, பேனல் மேல் செங்குத்தாக நிறுத்தினேன். பேனாவின் நிழல் நீளமாக விழுந்தது. பேனலின் பின்காலை இழுத்து நிமிர்த்த நிமிர்த்த நிழல் குறுகிக்கொண்டே வந்து, பேனாவின் அடியில் ஒரு புள்ளியாக நின்றது. திரையில் 68. "அவ்ளோதானாண்ணே?" என்றார். அவ்வளவுதான்.

இந்தப் பேனா முறை எந்த ஊருக்கும் பொருந்தும். நிழல் மறையும் கோணமே அந்த நேரத்துக்குச் சரியான கோணம். கிறைஸ்ட்சர்ச்சில் ஜூன் நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை உயரத்தில்தான் இருக்கும். அங்கே பேனலைக் கிட்டத்தட்டச் சுவர் மாதிரி நிமிர்த்தி வைக்க வேண்டும். பார்க்க விநோதமாகத் தோன்றும், ஆனால் அதுதான் சரி. காலையில் வடகிழக்கு, நடுப்பகலில் வடக்கு, பிற்பகலில் வடமேற்கு என்று மூன்று முறை திருப்பினால் போதும். வெளியே சுற்றப் போகிற நாளில் வடக்கே வைத்துவிட்டுப் போங்கள். கால்களில் கல்லோ தண்ணீர்க் குடமோ கட்டி வையுங்கள், காற்று பேனலைத் தூக்கிப் புரட்டிவிடும். திருட்டுப் பயம் உள்ள இடமென்றால் மடித்து உள்ளே வைத்துவிடுவதே மேல்.

நடுப்பகல் என்பது கடிகாரத்தில் 12 மணி என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூரிலேயே சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 1 மணிக்குத்தான். கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும் டிசம்பரில் மெல்பர்னிலும் 1 மணிக்கு மேல்தான்.

நிழல்

வெயிலில் வளர்ந்த நமக்கு வண்டியை நிறுத்தும்போது கை தானாகவே மரநிழலைத் தேடும். பேனலுக்கு நிழல் ஆகாது. பேனலுக்குள் சின்னச் சின்னத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கின்றன. அதில் ஒரு தகடு மறைந்தாலும் அந்தத் தொடரின் ஓட்டமே தடைப்படும். மறைந்த பகுதியை விட்டுவிட்டு மின்சாரத்தைச் சுற்றுவழியில் அனுப்பும் பைபாஸ் டயோடு இருப்பதால் மொத்தமாக நின்றுவிடாது, ஆனால் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ சட்டென்று போய்விடும். ஒரு கிளையின் நிழல் போதும். துணி காயப்போடும் கயிற்றில் தொங்கும் ஒரு துண்டின் நிழல் போதும். திரையைப் பார்த்துக்கொண்டே உங்கள் உள்ளங்கையைப் பேனலின் ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரிந்துவிடும்.

மலேசியச் சூட்டில் வண்டி நிழலிலும் பேனல் வெயிலிலும் இருப்பதே உத்தமம். அதற்கு நீளமான வயர் வேண்டும், இங்கேதான் பலருக்கு மின்சாரம் வழியிலேயே காணாமல் போகிறது. சில மடக்கு பேனல்களில் சார்ஜ் கன்ட்ரோலர் பேனலின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். அதிலிருந்து 10 மீட்டர் வயர் இழுத்துப் பேட்டரிக்குப் போனால், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 6.5 ஆம்ப் ஓடும்போது போகவர 20 மீட்டருக்கு 0.9 வோல்ட் வரை விழும். கன்ட்ரோலர் 14.4 என்று நினைத்துக்கொண்டிருக்கும், பேட்டரிக்குக் கிடைப்பதோ 13.5. அதில் பேட்டரி நிறைய வெகு நேரம் ஆகும். கன்ட்ரோலரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து, நீள வயரைப் பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே விட்டால் அதே 0.9 வோல்ட், பேனல் தரும் 18 வோல்ட்டில் கழியும், பெரிய நட்டமில்லை. வயரை 6 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினால் இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

இணைக்கும் வரிசை

இது சொந்த வண்டிக்கும் சொந்தப் பேட்டரிக்கும். வாடகை வண்டியின் வயரிங்கில் நிறுவனத்தைக் கேட்காமல் எதையும் சேர்க்காதீர்கள். காப்புறுதியில் சிக்கல் வரும்.

கன்ட்ரோலர் இரண்டு வகை. பிடபிள்யூஎம் மலிவு. எம்பிபிடி விலை கூடுதல், ஆனால் அதே பேனலிலிருந்து 10 முதல் 30 விழுக்காடு வரை அதிகம் கறந்து தரும். பேனல் 100 வாட்டுக்கு மேல் என்றால் எம்பிபிடியே வாங்குங்கள்.

முதலில் கன்ட்ரோலரைப் பேட்டரியோடு இணைக்க வேண்டும். பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாமல் இணைப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால், நீங்கள் தூங்கும் வண்டி அது. கன்ட்ரோலர் திரை உயிர்பெற்றதும் அதில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுங்கள். ஏஜிஎம்முக்கு 14.4 முதல் 14.7 வோல்ட், லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6. உங்கள் பேட்டரியோடு வந்த கையேட்டில் இருப்பதே இறுதி. காரீய அமில வகைக்கான ஈக்வலைஸ் முறை (செல்களைச் சமப்படுத்தக் கூடுதல் வோல்ட்டில் ஏற்றுவது) 15 வோல்ட்டைத் தாண்டும், லித்தியம் வைத்திருப்பவர்கள் அது அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகுதான் பேனல். பேனலை ஒரு போர்வையால் மூடிவிட்டு எம்சி4 இணைப்பிகளைப் பொருத்துங்கள். அதற்கு முன் மல்டிமீட்டரால் நேர், எதிர் முனைகளைச் சரிபாருங்கள். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். 100 வாட் பேனல் ஒன்று, சுமை இல்லாமல் 22 வோல்ட் வாக்கில் காட்டும். குளிரில் 24 வரை ஏறும். இரண்டைத் தொடராக இணைத்தால் 48. கன்ட்ரோலர் அதைத் தாங்குமா என்று பின்பக்கம் எழுதியிருக்கும். போர்வையை எடுத்ததும் வாட் ஏறத் தொடங்கும். கழற்றும்போது தலைகீழ்: பேனல் முதலில், பேட்டரி கடைசியில்.

வண்டி ஓடும்போதும் ஏற்ற நினைப்பவர்கள் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பொருத்துங்கள். புதிய வண்டிகளில், இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும், நேரடி வயரில் சரியாக ஏறாது. 30 ஆம்ப் சார்ஜர் ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் 45 ஆம்ப்-மணி தரும். மழை நாளில் இதுவே கைகொடுக்கும். நிறுத்தி வைத்து இன்ஜினை உறுமவிட்டு ஏற்றுவது வேண்டாம், பக்கத்தில் தூங்குகிறவர்களுக்கும் தொல்லை.

பவர் ஸ்டேஷன் கொண்டுபோகலாமா

பேட்டரி, கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் மூன்றும் ஒரே பெட்டியில் வருவது பவர் ஸ்டேஷன். வயரிங் செய்ய விருப்பமில்லாதவர்களுக்கு, காரில் மலேசியா போகிறவர்களுக்கு, மிக வசதி. ஃபிரிட்ஜுக்கும் சேர்த்து என்றால் 1000 வாட்-மணி அளவில் வாங்குங்கள். காரை மூடிவிட்டு வெயிலில் நிறுத்தும்போது உள்ளே விட்டுப் போகாதீர்கள்.

விமானத்தில் இதைக் கொண்டுபோக முடியாது. லித்தியம் பேட்டரி 100 வாட்-மணி வரை கைப்பையில் அனுமதி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் பயணிகளுக்கு இல்லை. 20,000 மில்லிஆம்ப்-மணி பவர் பேங்க் 74 வாட்-மணிதான், அது போகலாம். பேட்டரி இல்லாத மடக்கு பேனலைப் பெட்டியில் போட்டு அனுப்பலாம். ஆனாலும் வாடகை வண்டியில் செருக இடம் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள்.

கிளம்பும் முன் இங்கேயே பழகுங்கள்

புதிதாக வாங்கிய எதையும் முதன்முதலாக முகாமில் பிரிக்காதீர்கள். மல்டிமீட்டர், ஃபியூஸ், இணைப்பிகளுக்கு ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவரில் தேடுங்கள், தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். சிம் லிம் ஸ்குவேர் வேறு கட்டடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பாய் விரிக்கிற இடத்தில் பேனலையும் விரித்து, பேனா நிழலைப் பார்த்து, கையை வைத்து மறைத்து, திரையில் எண்கள் எப்படி மாறுகின்றன என்று பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பயணத்தில் பேனலைத் திருப்பும் வேலையை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். இரவு கூடாரம் போடுவதானால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். வீவக வீட்டில் பழகுகிறவர்கள் பேனலை ஜன்னலுக்கு வெளியேயோ தாழ்வாரச் சுவர் மேலேயோ வைக்கவே கூடாது. காற்றில் விழுந்தால் கீழே நடப்பவர் உயிர் போகும்.

வழியில் அன்றாடம்

காலையில் எழுந்ததும் பேட்டரி அளவைப் பாருங்கள். நேற்றுக் காலையைவிடக் குறைந்திருந்தால் செலவு வரவை மிஞ்சுகிறது. இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தால் மூன்றாம் நாள் மின்வசதியுள்ள இடம். பேனலை ஈரத்துணியால் துடையுங்கள். கைப்பேசி, மடிக்கணினி, கேமரா எல்லாவற்றையும் 11 மணியிலிருந்து 3 மணிக்குள் ஏற்றிவிடுங்கள்; அந்நேரத்தில் பேனலிலிருந்து வருவது நேரே அவற்றுக்குப் போகும். ஃபிரிட்ஜையும் பகலில் ஒரு பாகை குளிராக வைத்து, இரவில் ஒரு பாகை ஏற்றிவிடலாம். வெந்நீர் மாதிரி இருக்கும் தண்ணீர் புட்டிகளை மாலையில் உள்ளே அடுக்காதீர்கள், இரவு முழுக்க கம்ப்ரசர் ஓடும்.

திரையில் வாட் குறைவாகத் தெரிந்தால் உடனே எதையும் கழற்ற வேண்டாம். பேட்டரி நிறைந்துவிட்டால் கன்ட்ரோலர் தானே மின்வரவைக் குறைத்துக்கொள்ளும். நல்ல வெயிலில் 5 வாட் மட்டும் காட்டுவது பல நேரம் நல்ல செய்திதான். சோதித்துப் பார்க்க, ஒரு விளக்கையும் விசிறியையும் போடுங்கள். வாட் ஏறினால் எல்லாம் சரி. ஏறாவிட்டால் நிழல், இணைப்பி, ஃபியூஸ் என்ற வரிசையில் பாருங்கள். பெரும்பாலும் எம்சி4 இணைப்பி க்ளிக் என்று பூட்டாமல் இருக்கும். 

திரும்பி வந்த பிறகு, சொந்தப் பேட்டரி வைத்திருப்பவர்கள் ஏஜிஎம் என்றால் முழுக்க ஏற்றி வையுங்கள், மாதம் ஒருமுறை மீண்டும் ஏற்றுங்கள். லித்தியம் என்றால் பாதி அளவில் வைத்து, எல்லா இணைப்பையும் கழற்றி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும். வாசலுக்குப் பக்கத்தில், வெளியே போகும் வழியில் மட்டும் வைக்காதீர்கள்; தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்காது.